கடலுக்கு உரம் போட்டவன்

வயலுக்கு உரம் போட்டால் நெல் விளைவது போல, கடலுக்கு உரம் போட்டால் மீன் விளையும் என்று ஒரு தை மாதம் முழுக்க நான் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் என் காதில் ஓதிய விஷயம் இல்லை. நானே யோசித்து, நானே கண்டுபிடித்து, நானே மெச்சிக்கொண்டது. அந்த நாட்களில் யாராவது கேட்டிருந்தால், மணமேல்குடியிலிருந்து இலங்கை வரைக்கும் எத்தனை மூட்டை பிடிக்கும் என்றுகூடச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்க முடியாதபடி விஷயத்தை நான் ஒளித்து வைத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில், கூட்டுறவு சொசைட்டியின் உரக் கிடங்குக்கு நான் பொறுப்பு. பொறுப்பு என்றால் சாவி என் இடுப்பில் தொங்கியது, அவ்வளவுதான். கிடங்கு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். முன்பு கருவாடு அடுக்கி வைத்திருந்த ஓட்டுக் கொட்டகை. வாடகை குறைவு என்று சொசைட்டி பிடித்துப் போட்டிருந்தது. உள்ளே நுழைந்தால் பழைய கருவாடும் புது உரமும் சேர்ந்து ஒரு வாடை வரும். அதை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. என் மனைவிக்குப் போதும், தினமும் விவரித்தாள்.

பின்கதவைத் திறந்தால் இருபதடியில் கடல். கடல் என்றாலும் எங்கள் பக்கத்தில் அலை கிடையாது, கண்மாய் மாதிரி படுத்துக் கிடக்கும். அந்த இடத்தில் கரை இன்னும் உள்ளே மடங்கி, கையைக் குவித்தது போல ஒரு சின்ன வளைவாக இருந்தது. அதன் வாயை மணல்திட்டு பாதி மறித்திருக்கும். உள்ளே இடுப்பளவு தண்ணீர். வயல்களில் மிஞ்சுகிற தண்ணீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு வடிகால் ஓடை ஒன்று அதன் மேற்கு மூலையில் வந்து விழும். ஊரில் எல்லோரும் அதை வளைவு என்றே சொல்வார்கள்.

சீமை உரம் அப்போது ஊருக்குப் புதிது. சர்க்கரை மாதிரி வெள்ளையாக இருக்கும். சாக்கின் மேல் நைட்ரஜன் என்று ஆங்கிலத்தில் அச்சடித்துப் பக்கத்தில் ஓர் எண் போட்டிருப்பார்கள். அது என்னவென்று விவசாயிகள் கேட்டால், எனக்கும் தெரியாது என்பது வெளியே தெரியாமலிருக்க ஏதாவது உளறிச் சிரிக்க வைப்பேன். சிரித்தவர்கள் வாங்கினார்கள். ஆனால் வாங்கியவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. சேற்றில் நின்றுகொண்டு கையால் வீசும்போது, கையிலிருக்கும் வெடிப்பில் உரம் இறங்கி எரிந்தது. பெண்கள் இரண்டு நாள் சோறு பிசைய முடியாமல் கையை உதறிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு சாயங்காலம் டீக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பிய, நிறைய வயல் வைத்திருந்த ஒரு பெரிய சம்சாரியிடம் நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், எதற்குக் கையால் வீச வேண்டும், மூட்டையை அப்படியே வாய்மடையில் கட்டித் தொங்கவிடுங்கள், கண்மாய்த் தண்ணீர் அதுபாட்டுக்குக் கரைத்து வயல் முழுக்கக் கொண்டுபோய்விடும் என்று. வாய்மடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வெட்டு. டீக்கடையே சிரித்தது. அந்த மனிதர் மட்டும் சிரிக்காமல் போய் அப்படியே செய்தார். அவர் பயிர் கருகருவென்று நின்றது. கண்மாயில் அடுத்த முறை தண்ணீர் விட்டபோது பாதி ஊர் சாக்கைத் தொங்கவிட்டது. அந்த வருஷம் எனக்கு டீக்குக் காசு கொடுக்கும் வேலையே இல்லாமல் போயிற்று.

வளைவில் ஒருவர் பட்டி கட்டியிருந்தார். கம்புகளை வரிசையாக நட்டு, வலையைச் சுற்றிக் கட்டி, தண்ணீர் ஏறும்போது உள்ளே வருகிற மீனைத் தண்ணீர் வற்றும்போது மறித்துப் பிடிப்பதுதான் பட்டி. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பக்கத்து முஸ்லிம் தெருக்காரர். அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். அவர் மனைவி எனக்கு அக்கா. ஒரு தடவை ஆழக்கடலில் பாய்மரம் சாய்ந்து அவர் இடது காலில் விழுந்தது. அதன் பிறகு வள்ளத்தில் நின்று வலை இழுக்க முடியவில்லை. அவரால் நிற்க முடிந்த கடல் இந்த இடுப்பளவுத் தண்ணீர் மட்டும்தான். இது போய்விட்டால் கறம்பக்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் மச்சினனிடம் போய்ப் புளி நிறுக்க வேண்டும். மச்சினன் வருஷா வருஷம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் வருஷா வருஷம், "அங்கிட்டு வந்து நான் என்னத்தைப் பாப்பேன், புளியையா?" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஊர் சாக்கைத் தொங்கவிட்டதற்கு அடுத்த வருஷம், கார்த்திகையில் கிடங்கின் ஓடு ஒழுகியது. ஓட்டை மாற்று, ஓட்டை மாற்று என்று சொசைட்டிச் செயலாளர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாற்றவில்லை. ஒரு வியாழக்கிழமை போய்ப் பார்த்தால், நாலு மூட்டை நனைந்து கல்லாக இறுகியிருந்தது. அடிப்பக்கம் கரைந்து, வெள்ளைத் தண்ணீர் பின்கதவுக்கடியில் வழிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை செயலாளர் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார். விஷயத்தைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் திட்டியிருப்பார், முடிந்திருக்கும். ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டால் எப்போதுமே குறுக்குவழிதான் முதலில் கண்ணில் படும். இன்றைக்கும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாத் தொழுகை நேரத்தில் கரையில் ஈ காக்கை இருக்காது. பாங்கு சொல்லி முடிக்கக் காத்திருந்து, நாலு மூட்டையையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டிக் கொண்டுபோய் வளைவுக்குள் தள்ளினேன். ஒவ்வொரு மூட்டைக்கும் நடுவில் நின்று பள்ளிவாசல் பக்கம் காதைக் கொடுத்தேன். மூன்றாவது மூட்டை என் பிடியிலிருந்து நழுவி, தானாகவே உருண்டு எங்கேயோ போய் மோதி நின்றது. எங்கே என்று பார்க்க எனக்கு நேரமில்லை. பிறகு ஓட்டுச் சந்தில் பனையோலையைச் செருகி, சாக்கு கிழிந்து சிந்திவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். சிந்தியது உண்மை. எங்கே என்றுதான் எழுதவில்லை.

தை பிறந்தது. வளைவில் தண்ணீர் லேசாகப் பச்சை கண்டது. கம்புகளில் பாசி பட்டுத்துணி மாதிரி படர்ந்தது. அந்தப் பாசிக்கு மடவை மீன் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக வந்தன. மாமாவின் பட்டி நிறைந்தது. அவர் கால் வளைந்த பிறகு அப்படி ஒரு மீன் பார்த்ததில்லையாம். அல்லா கொடுத்தான் என்று எங்கள் வீட்டுக்கும் ஒரு கூடை மடவை அனுப்பினார். நான் அதை வாங்கும்போது அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன், அல்லாவுக்கு நான் கொஞ்சம் ஒத்தாசை செய்தவன் என்கிற முறையில். இதுதான் நான் முதலில் சொன்ன நம்பிக்கை. இன்னொரு மூட்டை போடலாமா என்று இரண்டு நாள் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பங்குனியில் காற்று நின்றது. பச்சை கெட்டியாகிக்கொண்டே போயிற்று. கையை உள்ளே விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே தெரியவில்லை. பாசி மேலே வந்து வெளுத்து, ஓரத்தில் நுரையோடு ஒதுங்கி அழுகியது. கிடங்கின் வாடையைத் தாண்டி அந்த வாடை உள்ளே வந்தது. மாமா கரையில் குந்தியபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் மேலேயே நிற்குது, வாயைத் திறந்து திறந்து மூடுது என்றார். நான் அதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. கிடங்குக்கும் கரைக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

சித்திரையில் ஒரு காலை, விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், தெருவே கூடைகளோடு வளைவுக்கு ஓடியது. நானும் ஓடினேன். மீன் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. மிதக்காதது கரையோரம் வந்து செவுளைத் திறந்து கிடந்தது, குனிந்து கையால் எடுக்கலாம். நண்டுகள் தண்ணீரைவிட்டு வெளியேறிப் பட்டிக் கம்புகளின் மேல் ஏறி, கம்புக்கு ஐந்தாறாக உட்கார்ந்திருந்தன. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜனம் மாதிரி இருந்தது. கரையில் ஒரே உற்சாகம். வலை இல்லாமல், வள்ளம் இல்லாமல், ஆளுக்கு ஒரு கூடை. மாமா மட்டும் தண்ணீருக்குள் நின்று, மிதந்ததைத் தொடாமல், உயிரோடு துடித்ததில் நாலைந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? நாலு மூட்டை விஷம். ஒரு கிராமம். முந்நூறு அடுப்பு. அவ்வளவையும் கொன்றவன் நான். தூக்கில் போடும்போது கடைசி ஆசை கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது என்பது வரைக்கும் போய்விட்டேன்.

எப்படியாவது சாப்பிடாமல் தடுக்க வேண்டும். உண்மையைச் சொல்லலாம் என்பது கடைசி வரை தோன்றவே இல்லை. விவசாயத் தெருவில் வீடு வீடாகப் போய், சுகாதார ஆபீசர் வருகிறார், செத்த மீன் எந்தப் பானையில் இருந்தாலும் அபராதம் போடப் போகிறார் என்று சொன்னேன். தெரு பரபரத்தது. எனக்கு மூச்சு வந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஆபீசர் வருவதற்குள் தடயம் இருக்கக் கூடாதென்று, வீட்டுக்காரர்கள் அரைவேக்காட்டிலேயே இறக்கிக் குடும்பத்தோடு உட்கார்ந்து அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டில் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். நான் எச்சரிக்காமல் இருந்திருந்தால் பாதிப் பேர் மத்தியானத்துக்குத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

அங்கிருந்து முஸ்லிம் தெருவுக்கு ஓடினேன். மாமா வீட்டில் குழம்பு கொதித்து இறக்கியாகிவிட்டது. அக்கா என்னைப் பார்த்ததும் தட்டை வைத்தார்.

"என்ன தம்பி இப்புடி வேர்த்து ஊத்துது? மொதல்ல ஒக்காந்து தின்னுங்க."

பசியில்லை என்றேன். உடம்பு சரியில்லை என்றேன். அமாவாசை என்றேன், அன்றைக்கு அமாவாசைகூட இல்லை. மாமா கதவோரம் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"தின்னுட்டுப் போ மாப்ளே. இனிமே நம்ம வளைவுல மீனு எப்பக் கெடைக்குமோ."

அதைக் கேட்டதும் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். தின்றேன். நான் முதலில் சாப்பிட்டு எனக்கு ஏதாவது ஆனால் அவர்கள் தப்பிப்பார்களே என்று உயர்வாக நினைத்ததாக இப்போது எழுத ஆசைதான். அப்படியில்லை. மறுக்கத் தெம்பில்லாமல் தின்றேன். குழம்பு ரொம்ப நன்றாக இருந்தது, அது வேறு சங்கடம். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்து, நாடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதது இன்னும் பயமாக இருந்தது, மெதுவாகக் கொல்கிற விஷம் போலிருக்கிறது என்று. எழுந்து தெருத்தெருவாகப் போய், வயிறு எப்படி இருக்கிறது, வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். காலையில் நன்றாக இருந்தவர்கள் நான் கேட்ட பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் பதினைந்து பேருக்கு லேசாக வலித்தது. எல்லாம் நான் விசாரித்த வீடுகள். விசாரிக்காத தெருவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மறுநாள் அந்தப் பதினைந்து பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். யாரும் சாகவில்லை. ஆபீசரும் வரவில்லை. நான் ஆபீசர் கதை சொல்லி ஊரை ஏமாற்றிய விஷயம் மட்டும் என் மற்ற வேடிக்கைகளோடு சேர்ந்து, டீக்கடையில் இரண்டு வாரம் ஓடியது.

அதற்குள் நான் மாமாவைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பட்டியில் தொடர்ந்து பத்து நாள் ஒரு மீனும் இல்லை. தண்ணீர் பச்சையிலிருந்து பழுப்பாகி நாறியது. அடித் தரையைக் காலால் கிளறினால் கறுப்புச் சேறு குமிழியிட்டது. கறம்பக்குடியிலிருந்து மச்சினன் கடிதம் போட்டிருந்தார். இந்தத் தடவை புளியைப் பற்றி மாமா பதில் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சட்டைப் பையைப் பார்த்துத்தான் எனக்கு வாய் திறந்தது. ஒரு நாள் முற்பகல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, நாலு மூட்டை, பாங்கு, நான் காத்திருந்தது, உருட்டியது எல்லாம். சொல்லிவிட்டு அடிக்காகக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திரும்பித் தன் பட்டிக் கம்புகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எந்த வெள்ளிக்கெழமை?"

சொன்னேன்.

"அன்னைக்குத் தொழுதுட்டு வந்து பாத்தா என் பட்டியில மூணு கம்பு சாஞ்சு கெடந்துச்சு. எந்தம்பிதான் வள்ளத்தை விட்டு முட்டிட்டான்னு அஞ்சு மாசமா அவன்கூட நான் பேச்சு வார்த்தை இல்லாம இருக்கேன். நோன்புப் பெருநாளைக்கு வந்தவனை வாசல்லயே நிப்பாட்டி அனுப்புனேன்."

எழுந்தார். ஊரையே கொன்றுவிட்டதாக நான் அழுதுகொண்டிருக்க, அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், காலை இழுத்து இழுத்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். நான் கன்னத்தோடு கரையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கிடங்குக்கு வந்தார். தம்பியோடு பேசியாகிவிட்டது என்றார். பிறகு, உன் மூட்டையால் இது ஆகவில்லை என்றார். எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. இத்தனை நாளாகச் சுமந்த குற்றத்தை ஒருவர் வந்து உன்னுடையது இல்லை என்றால், கொஞ்சம் பறிபோன மாதிரிதான் இருக்கிறது. அவர் தண்ணீர்க்காரர், பார்த்துவிட்டுத்தான் சொன்னார். நான் தள்ளிய மூலை கிழக்கு. பாசி முதலில் பிடித்த கம்புகள் மேற்கே, ஓடை விழுகிற இடத்தில். அதுவும் அதற்கு முந்தைய தையிலேயே, என் ஓடு ஒழுகுவதற்குப் பத்து மாதம் முன்னாலேயே, அங்கே கொஞ்சம் பச்சை இருந்திருக்கிறது. கொஞ்சமாக இருந்ததால் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடையில்தான் ஏதோ வருகிறது, என்ன வருகிறதென்று மழைக்காலத்தில் பார்க்க வேண்டும் என்றார். மச்சினனுக்கு இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லி எழுதிப் போட்டார்.

அடுத்த கார்த்திகையில், முறைத் தண்ணீர் விட்டிருந்த ஒரு பகலில், இரண்டு பேரும் ஒரே குடையில் ஓடைக் கரையோடு மேலே நடந்தோம். அவர் கால் வேகத்துக்கு நான் நடந்தேன். எங்கள் கண்மாயில் ஒவ்வொருவருக்கும் இத்தனை நாழிகை என்று முறை உண்டு. முறை வந்தவர் அந்த நேரத்துக்குள் வயலை நிறைத்துக்கொள்ள வேண்டும், அதனால் அன்றைக்குத்தான் சாக்கையும் தொங்கவிடுவார். அதே நாளில் மழையும் கொட்டினால் வயல் தளும்பும், பயிர் அழுகிவிடும் என்று மறுபக்கம் வடிமடையை வெட்டி ஓடைக்குத் திறந்துவிடுவார். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. எல்லா வருஷமும் எல்லோரும் செய்வது.

முதல் வயலின் வாய்மடையில் ஒரு சாக்கு தொங்கியது. அடுத்த வயலில் ஒன்று. அதற்கடுத்து ஒன்று. வௌவால் மாதிரி, கண்ணுக்கு எட்டிய வரைக்கும், ஒவ்வொரு வாய்மடையிலும் என் கிடங்குச் சாக்கு தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, வாய்மடையில் நுழைகிற தண்ணீரை ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துத் துப்பினார். வரப்பைச் சுற்றிப் போய், மறுபக்கம் ஓடைக்கு வெளியேறுகிற தண்ணீரையும் அள்ளி நாக்கில் வைத்தார்.

"உள்ள போறதும் கடிக்குது. வெளிய வாரதும் அதே கடிதான் கடிக்குது. இதை யாரு மாப்ளே இவுகளுக்குச் சொல்லிக் குடுத்தது?"

என் முகத்தைப் பார்த்தார், குடையை வாங்கிக்கொண்டார், திரும்பி நடந்தார். மழை என் மேல் பெய்தது.

வயலில் போட்டது பயிருக்குப் போக மிஞ்சிக் கடலில் பாசியை வளர்க்கும், பாசி செத்து அழுகும்போது தண்ணீரின் மூச்சைக் குடித்துவிடும் என்று வெகுகாலம் கழித்து ஒரு மீன்வளத் துறை அலுவலர் எனக்குப் படம் போட்டு விளக்கினார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். மாமா நாக்கில் வைத்துத் துப்பியபோதே எனக்குப் புரிந்துவிட்டிருந்தது.

ஓடைக் கரையில் நடந்துவிட்டு வந்த அடுத்த ஒரு வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே. வயல் வயலாக ஓடினேன். சாக்கைத் தொங்கவிடாதீர்கள், தண்ணீர் வற்றியிருக்கும்போது கையால் வீசுங்கள், வீசிவிட்டு நாலு நாள் மடையைத் திறக்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கடலில் மீன் சாகிறது, ஒரு மனிதர் பிழைப்புப் போகிறது என்று சொன்னேன். அவர்கள் மண்வெட்டியை ஊன்றி, புன்னகையோடு, முழுக்கக் கேட்டார்கள். முடித்த பிறகும் அதே புன்னகையோடு நின்றார்கள். சாக்கை முதலில் தொங்கவிட்ட அந்தப் பெரிய சம்சாரிதான் கேட்டார்.

"சரிங்க. அப்புறம்?"

வேடிக்கையின் கடைசி வரிக்குக் காத்திருந்தார். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். மூஞ்சியை இவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டு சொன்னதுதான் இதில் விசேஷம் என்று பக்கத்து வயல்காரரிடம் சொன்னார். ஆபீசர் வருகிறார் என்றேனே, அந்தக் கதையையும் நினைவுபடுத்திக்கொண்டார்கள். பத்து வருஷமாக எதைச் சொன்னாலும் சிரிக்க வைத்துச் சொன்னவன், ஒரே ஒரு தடவை அழுகிற மாதிரி சொன்னால் யார் நம்புவார்கள்? கோபத்தில் ஒரு சாக்கை நானே அவிழ்த்து வரப்பில் போட்டேன். மறுநாள் அது திரும்பத் தொங்கியது. ஒரு பெண் மட்டும் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வெடிப்பு வெடிப்பாக இருந்தது. இந்தக் கையால் மறுபடி வீசச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை, காட்டினார், அவ்வளவுதான்.

செயலாளரிடம் போனேன். உரம் வேண்டாமென்று நீ ஊருக்குள் பேசுவதாகக் காதில் விழுந்தது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அன்று முழுக்க நினைத்தேன். மறுநாள் காலை வழக்கம் போலக் கிடங்கைத் திறந்தேன்.

அந்தத் தையில் வளைவு முன்னைவிடப் பச்சையாக இருந்தது. மடவைக் குஞ்சு வந்தது. மாமா பட்டியைக் கட்டினார், மீனும் பட்டது. ஆனால் எங்கள் வீட்டுக்குக் கூடை வரவில்லை. கரையில் பார்த்தால் பேசுவார், மழையைப் பற்றி, காற்றைப் பற்றி. பங்குனியில் காற்று நின்றதும் நான் தினமும் விடியும் முன்பே பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மணல்திட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது அலை கிலை வராதா என்று பார்த்தேன். ஒரு காற்று, ஒரே ஒரு பெருங்காற்று அடித்தால் தண்ணீர் மாறிவிடும் என்று மாமா சொல்லியிருந்தார். அடிக்கவில்லை.

சித்திரையில் மீன் செத்தது. போன வருஷத்தைவிடக் குறைவாகத்தான் மிதந்தது, உள்ளே குறைவாகத்தான் இருந்தது. கூடையோடு ஓடியவர்களும் குறைவு. மாமா அன்றைக்குத் தண்ணீரில் இறங்கவில்லை. நாலு நாள் கழித்து அவரும் அவர் தம்பியும் பட்டிக் கம்புகளைப் பிடுங்கினார்கள். நானும் இறங்கிப் பிடுங்கினேன், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வலையைத் தம்பி எடுத்துக்கொண்டார். கம்புகளை அக்கா விறகுக்கு வைத்துக்கொண்டார்.

வைகாசியில் மாமாவும் அக்காவும் கறம்பக்குடிக்குக் குடிபோனார்கள். பஸ்ஸில் ஏற்றிவிட நான் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாத்திர மூட்டை. பஸ் கிளம்பும் வரை மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாரேன் மாப்ளே" என்று மட்டும் சொன்னார். அவர் அதன் பிறகு திரும்பி வரவில்லை, கடைசி வரை மச்சினன் கடையில்தான் இருந்தார். வளைவில் வேறு யாரும் பட்டி கட்டவில்லை. நான் அந்தக் கிடங்கில் இன்னும் ஆறு வருஷம் உரம் விற்றேன்.